கடலடி நுண்ணுயிருக்கு உரிமையாளர் யார்?

எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் அடங்காத பன்னாட்டுக் கடற்பரப்பின் உயிர்வளங்கள் குறித்த ஐ.நா. ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்துள்ளது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 2023 ஜூன் மாதத்தில் நிறைவேற்றப்பட்ட ஒப்பந்தம் இது. 2024 செப்டம்பரில் இந்தியாவும் இதில் கையெழுத்திட்டது. உலகப் பெருங்கடல்களின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன் வரம்புக்குள் வருகிறது. இதைக் கடல் பாதுகாப்பின் வெற்றி என்று முதலாளித்துவ ஊடகங்கள் வர்ணிக்கின்றன. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பேச்சுவார்த்தை இத்தனை ஆண்டுகள் இழுத்ததற்குத் திமிங்கிலங்களோ பவளப்பாறைகளோ மட்டும் காரணமல்ல. கடலடியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் மரபணுக்களிலிருந்து கிடைக்கப்போகும் இலாபம் யாருக்கு என்ற கேள்வியே அதன் மையத்தில் இருந்தது.

பொது அறிவு, தனியார் இலாபம்

கொரோனா காலத்தில் நாடெங்கும் கோடிக்கணக்கானோருக்குச் செய்யப்பட்ட பிசிஆர் பரிசோதனையை நினைவுகூர்வோம். அந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி, கொதிநிலைக்கு நெருங்கிய வெப்பத்திலும் சிதையாத ஒரு நொதி. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றில், தாமஸ் பிராக் என்ற ஆய்வாளர் 1960களில் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வில் கண்டறிந்த பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது அது. பிராக் அந்த நுண்ணுயிருக்கு உரிமை கொண்டாடவில்லை. எவரும் பயன்படுத்தட்டும் என்று பொதுச் சேமிப்பகத்தில் ஒப்படைத்தார். அதைப் பயன்படுத்தித் தொழில்நுட்பத்தை உருவாக்கிய சீட்டஸ் நிறுவனம், பிசிஆர் உரிமைகளை 1991இல் 30 கோடி டாலருக்கு ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்திடம் விற்றது. பொதுமக்களின் சொத்தான பூங்காவுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

கடலின் கதையும் இதுவே. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் விசித்திரமான வேதிப்பொருள்களைக் கண்டார். புற்றுநோய்க்கும் வைரஸ் நோய்களுக்கும் எதிரான ஒரு புதிய மருந்துக் குடும்பத்துக்கு அந்தக் கண்டுபிடிப்பு வழிகாட்டியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஏஇசட்டி என்ற வேதிப்பொருள் 1964இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதியுதவியோடு உருவாக்கப்பட்டது. அதுவே 1987இல் எய்ட்ஸுக்கான முதல் மருந்தாகச் சந்தைக்கு வந்தபோது, காப்புரிமை பெற்றிருந்த பரோஸ் வெல்கம் நிறுவனம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர் என விலை வைத்தது. கடற்பஞ்சை நிறுவனம் படைக்கவில்லை. அடிப்படை ஆய்வுக்கும் அது செலவிடவில்லை. பிறருடைய உழைப்பைப் போலவே பிறருடைய விஞ்ஞானத்தையும் மூலதனம் தன்வயப்படுத்திக்கொள்கிறது என்பதை மார்க்ஸ் அன்றே சுட்டிக்காட்டினார்.

உயிர் சரக்கானது எவ்வாறு?

இயற்கையில் உள்ளதைக் கண்டறிவது வேறு, புதிதாக ஒன்றைப் படைப்பது வேறு. இந்த எளிய வேறுபாட்டைக் காப்புரிமைச் சட்டங்கள் நெடுங்காலம் ஏற்றுவந்தன. 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அந்த வேலியில் பெரிய ஓட்டையைப் போட்டது. எண்ணெய்ப் படலத்தைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கியிருந்தார். வங்க மண்ணில் பிறந்து கல்கத்தாவில் கல்வி கற்ற விஞ்ஞானி அவர். மாற்றியமைக்கப்பட்ட உயிரினத்துக்கும் காப்புரிமை உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒரேயொரு நீதிபதியின் வாக்கு வித்தியாசத்தில் உயிர் சரக்காயிற்று.

அமெரிக்க நீதிமன்றத்தின் இந்தக் கோட்பாட்டை உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் உலகின் தலையில் கட்டியது. தாவரங்களையும் விலங்குகளையும் காப்புரிமையிலிருந்து விலக்கிவைக்க உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு. நுண்ணுயிர்களை விலக்க முடியாது என்பது அதன் நிபந்தனை. 2002இல் இந்தியச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. இயற்கையில் உள்ள உயிரைக் கண்டறிவது மட்டும் காப்புரிமைக்கு உரியதல்ல என்று சட்டம் ஒருபுறம் சொல்கிறது. விலக்குப் பட்டியலிலிருந்து நுண்ணுயிர்களை மறுபுறம் நீக்கி வைத்திருக்கிறது.

2005இல் மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை கொண்டுவரப்பட்டபோது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் நடத்திய போராட்டத்தைத் தோழர்கள் அறிவார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாகவே 3(டி) பிரிவு இன்றைய வடிவில் சட்டத்தில் இடம்பெற்றது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிராகரிக்க அந்தப் பிரிவே துணை நின்றது. ஆனால் அன்று தீர்க்கப்படாமல் நிபுணர் குழுவுக்கு அனுப்பப்பட்ட கேள்விகளில் ஒன்று, நுண்ணுயிர்களைக் காப்புரிமையிலிருந்து விலக்கலாமா என்பது. மஷேல்கர் தலைமையிலான அக்குழு, அவ்வாறு விலக்குவது டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று கைவிரித்தது. வேறொரு ஆய்விலிருந்து வாசகங்கள் எடுத்தாளப்பட்டிருப்பது அம்பலமானதால் அறிக்கை திரும்பப் பெறப்பட்டதும், திருத்தப்பட்டு மீண்டும் அளிக்கப்பட்டதும் வரலாறு. அந்தக் கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது. கடலின் மரபணுக்களுக்கான போட்டி அதன் அவசரத்தைக் கூட்டியுள்ளது.

பெருங்கடலின் பட்டா

2018இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வு, பன்னாட்டுக் காப்புரிமைகளில் இடம்பெற்றிருந்த கடல்வாழ் உயிரினங்களின் மரபணு வரிசைகளைக் கணக்கிட்டது. 862 இனங்களைச் சேர்ந்த 12,998 வரிசைகள் இருந்தன. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவை நுண்ணுயிர்களுடையவை. பத்து நாடுகளின் கையில் 98 சதவீதம். ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் என்ற ஒற்றை இரசாயன நிறுவனத்திடம் மட்டும் 47 சதவீதம். உலகின் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது 12 சதவீதமே. ஏகபோகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

புதிய ஒப்பந்தம் இந்நிலையை மாற்றுமா? வளரும் நாடுகள் வற்புறுத்தியதால் 'மனிதகுலத்தின் பொது மரபுரிமை' என்ற கோட்பாடு அதில் இடம்பெற்றது. வளர்ந்த நாடுகளின் பிடிவாதத்தால் 'திறந்த கடலின் சுதந்திரம்' என்ற எதிர்க் கோட்பாடும் அருகிலேயே அமர்ந்துகொண்டது. பலன் பகிர்வுக்கென நிதி உண்டு. ஆனால் காப்புரிமை பெறுவதற்குத் தடையில்லை. அமெரிக்காவோ கடல் சட்ட உடன்படிக்கையிலும் உயிரினப் பன்மை உடன்படிக்கையிலும் இன்றுவரை உறுப்பு நாடாகவில்லை. மரபணுத் தகவல் எண்ணிம வடிவில் கணினிக்குள் வந்துவிட்டால் நுண்ணுயிரின் மாதிரியே தேவையில்லை. அத்தகவலைப் பயன்படுத்தும் பெருநிறுவனங்கள் இலாபத்தில் ஒரு சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ வழங்கலாம் என்று காலி நகர மாநாடு 2024இல் முடிவு செய்தது. 'வழங்கலாம்' என்பதுதான் அதன் சாரம்; கட்டாயம் ஏதுமில்லை.

போராடினால் விதிகள் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. தன் மக்களைக் கொன்ற பறவைக் காய்ச்சல் வைரஸின் மாதிரிகளைக் கொடுத்த இந்தோனேசியா, அதிலிருந்து தயாரான தடுப்பூசியைத் தன் மக்களுக்கு வாங்க முடியாத நிலை கண்டு 2007இல் மாதிரிகளை அனுப்ப மறுத்தது. மேற்கத்திய அரசுகள் கண்டித்தன. ஆயினும் மாதிரி பெறும் நிறுவனங்கள் பலனையும் பகிர வேண்டும் என்ற ஏற்பாட்டை உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்க நேர்ந்தது.

உள்நாட்டில் நடப்பது என்ன?

உலக அரங்கில் வளரும் நாடுகளின் குரலாகப் பேசும் ஒன்றிய அரசு, உள்நாட்டில் செய்ததைப் பாருங்கள். மணிப்பூர் குறித்துப் பிரதமர் அவைக்கு வந்து பதிலளிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் முழங்கிக்கொண்டிருந்த 2023 ஜூலையில், பல்லுயிர்ச் சட்டத் திருத்தம் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பங்கு மூலதனத்திலோ நிர்வாகத்திலோ வெளிநாட்டவர் இடம்பெற்ற எந்த நிறுவனமும் உயிர்வளங்களைப் பெறத் தேசிய ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டும். இப்போது வெளிநாட்டவரின் 'கட்டுப்பாட்டில்' உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அந்த நிபந்தனை. சட்டத்தை மீறி உயிர்வளத்தைக் கொள்ளையிட்டால் ஐந்தாண்டு வரை சிறை என்ற பிரிவு நீக்கப்பட்டது. அபராதம் கட்டினால் போதும்.

இதன் வர்க்கத் தன்மையை அறிய மன்னார் வளைகுடாவுக்குச் சென்றால் போதும். 2001இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அன்றுமுதல் அதைப் பிடிக்கும் ஏழை மீனவருக்குச் சிறை. அருகிவரும் உயிரினத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வயிற்றுப் பாட்டுக்காகக் கடலில் மூழ்குபவர் குற்றவாளி; அதே கடலின் மரபணுவை அனுமதியின்றிக் காப்புரிமைக்குள் அடைக்கும் நிறுவனமோ அபராதத்தோடு தப்பிக்கும் என்பது எந்த நீதி?

இரண்டு தவறுகள்

இப்பிரச்சினையில் நம் அணிகளுக்குள்ளும் இரண்டு தவறான பார்வைகள் தலைகாட்டுகின்றன. வெளிநாட்டு நிறுவனங்களைத் தடுத்துவிட்டால் போதும், இந்திய நிறுவனங்கள் நம்முடையவை என்பது முதலாவது. பலன் பகிர்வுத் தொகை செலுத்த மாட்டோம் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் வரை சென்று வாதாடி, 2018இல் தோற்றது அந்நிய நிறுவனமல்ல; சுதேசி முழக்கமிடும் ராம்தேவின் திவ்யா ஃபார்மசிதான். உயிர்வளத்தின் மீது தேசத்துக்கு இறையாண்மை உண்டு என்பது தேவையான கோரிக்கை. ஆனால் அந்த இறையாண்மை பெருமுதலாளிகளின் பெட்டிச் சாவியாக மாறிவிட்டால் மீனவருக்கும் பழங்குடியினருக்கும் கிடைப்பது ஒன்றுமில்லை.

உயிர்த் தொழில்நுட்பமே மக்களுக்கு எதிரானது என்று ஒதுக்கித்தள்ளுவது இரண்டாவது தவறு. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக 1896இல் எர்னஸ்ட் ஹான்கின் பதிவு செய்தார். பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்களை 1917இல் ஃபெலிக்ஸ் டெரேல் இனங்கண்டார். முதலாளித்துவ நாடுகளின் மருந்து நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்ட காலத்திலும், ஜார்ஜி எலியாவா 1923இல் திபிலிசியில் நிறுவிய ஆய்வகம் சோவியத் மக்களுக்காக அந்த வைரஸ் சிகிச்சையை வளர்த்தது. எலியாவா 1937இல் அடக்குமுறைக்குப் பலியானார் என்ற வேதனையான உண்மையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் உருவாக்கிய ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் நிலையில், போதிய இலாபம் தராத நுண்ணுயிர்க்கொல்லி ஆய்விலிருந்து நோவார்ட்டிஸ் 2018இல் வெளியேறியது. இலாபம் கைவிட்ட இடத்தில் பொதுத்துறை ஆய்வு தேவை. விஞ்ஞானத்தை எதிர்ப்பதல்ல, அதை மூலதனத்தின் பிடியிலிருந்து விடுவிப்பதே நம் நிலைப்பாடு.

நம் நாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறானது. கொரோனா வைரஸைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது புனேயில் உள்ள அரசின் தேசிய வைராலஜி நிறுவனம். அதிலிருந்து உருவான கோவாக்சினுக்கு 2021 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைகளுக்கு அறிவிக்கப்பட்ட விலை ஒரு தவணைக்கு 1,200 ரூபாய். அதே வேளையில் செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் கட்டப்பட்ட தடுப்பூசி வளாகம் ஒரு குப்பியும் தயாரிக்காமல் பூட்டிக் கிடந்தது. இன்று ஆழ்கடல் இயக்கத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது ஒன்றிய அரசு. பொதுத்துறை விஞ்ஞானிகள் கடலடியிலிருந்து கொண்டுவரும் நுண்ணுயிர்கள் யாருடைய தொழிற்சாலைக்குப் போகும் என்பதை நாம் இப்போதே கேட்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

பொதுப்பணத்தில் கண்டறியப்படும் உயிர்வளமும் மரபணுத் தகவலும் பொதுச் சொத்தாகவே நீடிக்க வேண்டும். இயற்கையில் உள்ள நுண்ணுயிருக்கும் அதன் மரபணுவுக்கும் காப்புரிமை இல்லை என்று சட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். 2023 திருத்தங்கள் திரும்பப் பெறப்பட வேண்டும். பொதுத்துறைத் தடுப்பூசி, மருந்து ஆலைகள் புத்துயிர் பெற வேண்டும். புதிய கடல் ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் உள்நாட்டுச் சட்டம் மீனவர் அமைப்புகளோடு கலந்து பேசியே இயற்றப்பட வேண்டும்.

இவை தில்லியில் மட்டும் எழுப்பப்படும் கோரிக்கைகளாக நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்பது இன்றும் சட்டம். பெரும்பாலான இடங்களில் அது காகிதத்தோடு நிற்கிறது. கடலோர மாவட்டங்களின் தோழர்கள், கடற்பாசி சேகரிக்கும் பெண்களையும் மீனவத் தொழிலாளர்களையும் இக்குழுக்களில் இடம்பெறச் செய்வதை உடனடிப் பணியாக மேற்கொள்ளலாம். கடலை அறிந்தவர்களின் கையில் அந்தப் பதிவேடு இருக்குமானால், நாளை ஒரு நிறுவனம் வந்து 'இதை நாங்களே கண்டுபிடித்தோம்' என்று சொல்லும்போது மறுத்துப் பேச ஓர் ஆவணமும், அதன் பின்னால் நிற்க ஓர் இயக்கமும் இருக்கும்.