நந்தவனத்துக்குத் தொட்டிச் செடி வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம ஆலயத்துப் பின்பக்கம் இருக்கிற நந்தவனத்தைச் சிமெண்ட் போட்டு மூடி கார் நிறுத்தலாம்னு ஒரு பேச்சு ஓடுது. "அங்க என்ன இருக்கு, காஞ்ச செடிதானே?" என்று கேட்கிறார்கள். எங்களால பதில் சொல்ல முடியல. காஞ்சுதான் கிடக்கு. ஆனா அது மண்ணோட குத்தம் இல்ல. நந்தவனத்தைப் பாத்துக்கிற நாங்க நாலு பேரும் தப்பான செடியை வாங்கிட்டோம்.

போன வருசம் திருவிழாவுக்கு முன்னாடி, உபயமா வந்த பணத்துல கேமரன் மலைச் சாமந்தியும் ரோஜாவும் 30 தொட்டி வாங்கி வச்சோம். அன்னிக்கு எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தீங்க. ஆறு வாரத்துல சாமந்தி முடிஞ்சு போச்சு. ரோஜா இலையில கரும்புள்ளி விழுந்து இப்போ குச்சி மட்டும் நிக்குது. செடியைக் குறை சொல்லக் கூடாது. அது மலைக் குளிர்ல வளர்ந்தது. அங்க சாமந்திக்கு ராத்திரியில விளக்குப் போட்டு, எப்போ பூக்கணும்னு கணக்குப் பண்ணி வளர்க்கிறாங்க. நம்ம கீழ்நாட்டுச் சூட்டுக்கும் சாயங்கால மழைக்கும் எப்படித் தாங்கும்? தொட்டிக்கு அடியில வச்ச தட்டுல தண்ணி தேங்கி ஏடிஸ் கொசுப் பயம் வேற.

தொழிற்சாலையில ஒரு மெஷின் வாங்கும்போது பெயிண்ட் அழகைப் பாத்து யாரும் வாங்க மாட்டோம். நிக்காம ஓடுமா, கெட்டுப் போனா நம்ம ஆளே சரி பண்ண முடியுமா, இதைத்தான் கேப்போம். செடிக்கும் அதேதான்.

நந்தியாவட்டையைப் பாருங்க. பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சியை வெட்டி ஈர மண்ணுல நட்டா பிடிச்சுக்கும். நம்ம ஊர்ல வருசம் முழுக்கப் பூக்கும். சிவனுக்கு வெள்ளைப் பூவுக்குப் பஞ்சமே வராது. செம்பருத்தி 1960லிருந்து நம்ம நாட்டுத் தேசியப் பூ, ஆனா நம்ம ஆலயத்துல ஒரு செடிகூட இல்ல! ஒரு பூ ஒரு நாள்தான் நிக்கும், சரி. மறுநாள் அடுத்தது தயார். புதுத் துளிர்லதான் மொட்டு வைக்கும், அதனால வெட்ட வெட்டப் பூக்கும். வெயில் மட்டும் நல்லா வேணும். நுனியில வெள்ளையா மாவுப்பூச்சி வந்தா அந்தக் கிளையை வெட்டிப் போட்டுடணும்.

இட்லிப்பூ விசயத்துல நாங்க பட்டதைச் சொல்றோம். லோங்காங் ஓரமா சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டோம். இலை மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்சை. உரம் உரமா போட்டும் தேறல. அப்புறம்தான் தெரிஞ்சுது, இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண்ணுதான் ஒத்துக்கும், சிமெண்ட்ல இருந்து கசியிற சுண்ணாம்பு ஆகாது. சுவரை விட்டு நாலடி தள்ளி, மக்கின இலையைப் போட்டு மாத்தி நட்டோம். நந்தவனத்துல இன்னிக்குப் பச்சையா நிக்கிறது அந்த மூணு செடிதான்.

வேலி ஓரத்துக்குச் சங்குப்பூ. விதையை ஒரு ராத்திரி ஊற வச்சா போதும். நாசி கெராபு சோத்துக்கு நீலம் போடுற அதே பூங்கான்னா சின்னப் பிள்ளைங்களும் ஆசையா தண்ணி ஊத்துவாங்க.

அரளி நடலாம்னு ஒரு ஐயா சொன்னார். நல்லா பூக்கும், மறுக்கல. ஆனா இலை, பூ, பால் எல்லாமே விஷம். 2024 மே மாசம் கேரளாவில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாதுன்னு நிறுத்திடுச்சு. பிள்ளைங்க ஓடி விளையாடுற இடத்துல எங்களுக்கு அது வேண்டாம்.

"இதெல்லாம் பழைய தோட்டத்துப் பூ, பார்வையா இருக்காது" என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டுமே. நாங்க பொறந்த தோட்டத்துக் கோயில்ல சாமிக்குப் போட்டது இதே பூதான். இப்போ மாலைக்குக் கொடுக்கிற காசைக் கணக்குப் பாருங்க. அதைவிட எங்களுக்கு மனசு கஷ்டம் வேற ஒண்ணு. முன்னாடி தினம் காலையில ரெண்டு அம்மா வந்து பூப் பறிச்சு, மண்டபத்துல உக்காந்து சரம் கட்டுவாங்க. பறிக்கப் பூ இல்லாம போனதும் அவங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. அதுக்கு நாங்களும் காரணம்.

நிர்வாகத்துக்கிட்ட எங்க வேண்டுகோள் ஒண்ணுதான். சிமெண்ட் பேச்சை ஆறு மாசம் தள்ளி வையுங்க. அதுக்குள்ள பூ வரலைன்னா நாங்களே ஒதுங்கிக்கிறோம்.

வர்ற ஞாயிறு காலை எட்டு மணிக்கு கோத்தோங் ரோயோங். தொட்டி வாங்கி உபயம் பண்ண வேண்டாம். உங்க வீட்டுச் செம்பருத்தி, நந்தியாவட்டையில இருந்து ரெண்டு குச்சி வெட்டி, ஈரத்துணியில சுத்திக் கொண்டு வாங்க. மண்வெட்டி எங்ககிட்ட ரெண்டுதான் இருக்கு, வச்சிருக்கிறவங்க மறக்காம எடுத்துட்டு வாங்க.