திரும்பி வருவது யாருடைய வேலை?

விடியற்காலை ஐந்து மணிக்குள் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ் வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஒரு பை, ஈரம் காயாத தலையோடு பெண்கள் ஏறுவார்கள். உட்கார்ந்த இரண்டாம் நிமிடம் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆரம்பாக்கம் தாண்டி, மாநில எல்லை தாண்டி, தடா வழியாக ஸ்ரீசிட்டிக்குப் போகிற பஸ் அது. மாவட்டத்தின் தென்பக்கம், திருவள்ளூரிலிருந்து கிளம்புகிற பஸ்கள் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகின்றன. என்னிடம் படித்தவர்கள் இரண்டு பக்கமும் போகிறார்கள். தொல்காப்பியம் படித்துவிட்டு போனுக்கு ஸ்க்ரூ முடுக்குகிறார்களே என்று சக ஆசிரியர்கள் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் கிடையாது. என் கோபம் வேறு.

இந்தப் பெண்களின் கையில் இருக்கும் வேலைக்காகத்தான் இன்று வல்லரசுகள் சண்டை போடுகின்றன. சீனா பறித்துக்கொண்ட வேலைகளைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று மேடைதோறும் பேசியவர் டொனால்ட் டிரம்ப். 2025 ஏப்ரலில் அவருடைய வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், லட்சக்கணக்கானோர் உட்கார்ந்து சின்னச் சின்ன ஸ்க்ரூ முடுக்கி ஐபோன் செய்கிற வேலையெல்லாம் இனி அமெரிக்காவுக்கு வரும் என்றார். சொன்ன கையோடு, அதைத் தானியங்கி இயந்திரங்கள் செய்யும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் டிரம்ப் கத்தாரில் நின்றுகொண்டு, ஆப்பிள் இந்தியாவில் தொழிற்சாலை கட்டுவதில் தனக்கு விருப்பமில்லை என்று டிம் குக்கிடம் சொல்லிவிட்டதாகப் பேசினார். ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரி 50 சதவீதம் ஆனது. செல்போனுக்கு விலக்கு கிடைத்தது, திருப்பூர் பனியனுக்குக் கிடைக்கவில்லை. அங்கே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிலும் பெண்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் 'எங்கள் வேலை' என்கிறார்கள். இங்கே 'நம் மாநிலத்துக்கு வந்த வேலை' என்கிறோம். நம் மொழியில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் சேர்த்தி இல்லை, 'நாம்' என்றால் சேர்த்தி. இலக்கண வகுப்பில் நான் வருடாவருடம் நடத்துவது இது. அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் பஸ்ஸில் தூங்குகிறவள் சேர்த்தியா? எந்த நாட்டிலாவது அவளுக்கு அது 'என் வேலை'யாக இருந்திருக்கிறதா?

வேலை திரும்பி வரும் என்று அமெரிக்கா காணுகிற கனவில் நிற்பவன் ஓர் ஆண். உருக்காலை, யூனியன் சம்பளம், சொந்த வீடு, வீட்டில் சமைத்துவைத்துக் காத்திருக்கும் மனைவி. ஆனால் அந்த நாட்டின் முதல் பெரிய ஆலைகளில் நின்றவர்கள் பெண்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் 1820களில் பருத்தி ஆலைகள் எழுந்தபோது, சுற்றுவட்டார விவசாயிகளின் மணமாகாத மகள்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். கம்பெனியே விடுதி கட்டியது. இரவு பத்து மணிக்குக் கதவு சாத்தப்படும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போயாக வேண்டும். விடியலில் மணி அடிக்கும். உங்கள் மகள் எங்களிடம் பத்திரமாக இருப்பாள் என்பதுதான் பெற்றோருக்குத் தரப்பட்ட உறுதி. 1834இல் கூலியைக் குறைத்தபோது அந்தப் பத்திரமான மகள்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் ஊர்வலம் போனார்கள். 1836இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது மறுபடியும் இறங்கினார்கள். பிறகு முதலாளிகள் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களை வைத்துக்கொண்டார்கள். அதற்கும் பிறகு ஆலைத் தொழிலே கூலி குறைந்த தென் மாநிலங்களுக்கு நகர்ந்தது. வேலை ஊரைவிட்டு ஓடத் தொடங்கியபோது சீனா காட்சியிலேயே இல்லை.

தைவானுக்கு வருவோம். காவ்ஷியுங் துறைமுகத்தில் 1966இல் ஏற்றுமதி மண்டலம் திறந்தார்கள். 1973 செப்டம்பர் 3 காலை, எதிர்க்கரையிலிருந்து வேலைக்குப் போனவர்களின் படகு விபத்துக்குள்ளாகி 25 பெண்கள் இறந்தார்கள். இருபத்தைந்து பேரும் மணமாகாதவர்கள். மணமாகாமல் செத்த மகளுக்குப் பிறந்த வீட்டு முன்னோர் வரிசையில் இடமில்லை என்பது அங்குள்ள வழக்கம். ஆகவே அவர்களை ஓரிடத்தில் சேர்த்துப் புதைத்து 'இருபத்தைந்து கன்னியர் கல்லறை' என்று பெயர் வைத்தார்கள். நமக்கு இது புரியாத சங்கதி அல்ல, ஏரிக்கரையில் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரர்கள்தானே நாம். காவ்ஷியுங் பெண்ணியவாதிகள் விடாமல் கேட்டார்கள்: அவர்கள் வேலைக்குப் போகும் வழியில் செத்தார்கள், கன்னியராக அல்ல, தொழிலாளராகச் செத்தார்கள். 2008இல் அந்த இடம் 'உழைக்கும் பெண்கள் நினைவுப் பூங்கா' ஆனது. பெயரை மாற்ற முப்பத்தைந்து வருடம்.

படகு விபத்துக்கு அடுத்த வருடம், 1974இல், தைவானில் டெர்ரி கோ ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். இன்று ஃபாக்ஸ்கான் என்று நாம் சொல்வது அதைத்தான். 1988இல் அது சீனாவின் ஷென்செனுக்குப் போனது. 2010இல் அங்கே இளம் தொழிலாளர்கள் மாடியிலிருந்து ஒருவர்பின் ஒருவராகக் குதித்தபோது கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். நம் பக்கமும் அது வந்தது.

நம் பக்கத்துக் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்தது, 2014 நவம்பர் 1 அன்று மூடியது. இருபது சொச்சம் வயதில் 'விருப்ப ஓய்வு' வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்களை நான் அப்போதுதான் பார்த்தேன். ஓய்வு என்ற சொல் இவ்வளவு கேவலப்பட்டு நான் கண்டதில்லை.

2021 டிசம்பர் நம் மாவட்டத்தில் நடந்தது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஜமீன்கொரட்டூர் விடுதியில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் சாப்பிட்ட சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சமையற்கட்டில் எலிகளும் மோசமான வடிகாலும் இருந்ததை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பார்த்தார்கள். கூட இருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரவு முழுக்க, மார்கழிக் குளிரில், எந்தக் கட்சிக் கொடியும் இல்லாமல். வதந்தியை நம்பி ஏமாந்த பெண்கள் என்று பிறகு எழுதினார்கள். பக்கத்துப் பாயில் படுத்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்ததே, அதை எழுதியவர்கள் குறைவு. சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆலை ஜனவரி 12 வரை மூடிக்கிடந்தது. லோவலின் மகள்களும் விடுதிக்காகத்தான் தெருவுக்கு வந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க 706.5 கோடி ரூபாயில் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல கட்டடம், மறுக்கவில்லை. ஓர் அறைக்கு ஆறு பேர். ஆறு பேர் அறையில் ஒரு தொட்டில் எங்கே கட்டுவது? கேள்வியே எழாது. தொட்டில் தேவைப்படாத பெண்ணை மனதில் வைத்துத்தான் அறை, வேலை, பஸ் நேரம் எல்லாமே அளவெடுக்கப்பட்டிருக்கிறது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியே சொன்னது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களைத் திட்டமிட்டே வேலைக்கு எடுப்பதில்லை என்றது அந்தச் செய்தி. கர்ப்பம், குடும்பப் பொறுப்பு, லீவு ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் காரணங்களில் ஒன்று. கம்பெனி மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் மணமானவர்கள் என்றது. மத்திய அரசு அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சில மாதம் கழித்து, ஆள் எடுக்கும் ஏஜென்சிகளின் விளம்பரங்களில் மணமாகாதவர் என்ற வார்த்தையைப் போட வேண்டாம் என்று கம்பெனி சொன்னதாக அதே ராய்ட்டர்ஸ் எழுதியது. வார்த்தையை எடுத்தாயிற்று. நேர்காணலில் காலைப் பார்ப்பதை யார் எடுப்பது?

மெட்டி ஒரு சாக்கு. கணக்கு வேறு. குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மகப்பேறு விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. பிள்ளை பெறாதவளை மட்டும் எடுத்து, பெறும் வயதில் அனுப்பிவிட்டால் இரண்டு செலவும் மிச்சம். மேற்கு மாவட்ட நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் நினைவிருக்கும்: மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம். அங்கே கல்யாணத்தைக் காட்டி உள்ளே இழுத்தார்கள், இங்கே கல்யாணத்தைக் காட்டி வெளியே நிறுத்துகிறார்கள். இரண்டிலும் அவளுடைய ஐந்தாறு வருடம்தான் விலை. கண் கூர்மையாக, விரல் நடுங்காமல், முதுகு நோகாமல் இருக்கிற ஐந்தாறு வருடம்.

இதைப் பேசினால் இரண்டு பக்கமிருந்தும் பதில் வரும். நாட்டில் ஆலைக்குப் போகிற பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள், அது போதாதா என்று ஒரு பக்கம். இது வெறும் சுரண்டல், பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள் என்று இன்னொரு பக்கம், பெரும்பாலும் ஆண் தோழர்கள். இரண்டாவதைத்தான் என்னால் கொஞ்சமும் பொறுக்க முடிவதில்லை. தன் பெயரில் ஏ.டி.எம். கார்டு வைத்திருக்கிற, தம்பியின் ஃபீஸ் கட்டிய, 'இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்ப்பா' என்று அப்பாவிடம் சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட பெண்களை எனக்குத் தெரியும். இந்தச் சம்பளம் இல்லாமல் அந்த வாக்கியம் அவள் வாயில் வந்திருக்காது. பெண்கள் இரவு ஷிப்ட் பார்க்கக் கூடாது என்ற விதியை 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, பெண்கள் போய்க் கேட்டதால்தான். வேலை அவளுக்கு வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்: தாலி கட்டினால் ஏன் போய்விடுகிறது? ஏஜென்சியின் ஆளாக இல்லாமல் ஆலையின் ஆளாக அவளை ஏன் எழுதக் கூடாது? விடுதிக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவது என்பதை அதில் தங்குகிறவர்கள் ஏன் தீர்மானிக்கக் கூடாது? லட்னிக் சொன்ன இயந்திரம் நாளை இங்கேயும் வரும். வரும்போது யாரை அனுப்புவது சுலபம் என்று பார்ப்பார்கள், பேர் பதிவேட்டில் நிற்காதவள்தான் சுலபம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெட்டி போடாதவள். தாலியில்லாத திருமணத்தைச் சட்டமாக்கிய மாநிலம் இது. கழற்றுவது எங்கள் தலைமுறைக்கு ஒரு முடிவு, சண்டை போட்டு எடுத்த முடிவு. கம்பெனி வாசலில் கழற்றுவது அதுவல்ல.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி பொன்னேரி ஸ்டேஷனில் எதிர்ப்பட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம். எந்தக் கம்பெனி என்பதை நான் எழுதப் போவதில்லை. “பஸ் ஏறினதும் மெட்டிய கழட்டி பர்ஸ்ல போட்டுக்குவேன்ம்மா. திரும்பி இறங்கறதுக்கு முன்னாடி மாட்டிக்குவேன். காலையில கம்பெனிக்கு, சாயந்தரம் மாமியாருக்கு” என்று சிரித்தாள். விரலில் தடம் தெரியாதா என்று கேட்டேன். “சாக்ஸ் போட்டுக்குவேன்.” ரயில் வரும் சத்தம் கேட்டது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே குரலைத் தணித்துச் சொன்னாள்: “நாலாவது மாசம்மா. யூனிஃபார்ம் ஒரு சைஸ் பெருசா வேணும்னு கேட்டிருக்கேன். டைட்டா இருக்குன்னு சொல்லி.”