வரைந்தால் மட்டும் போதுமா?



கேட் லேபில் நாம் வரைவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வரைந்தது கம்ப்யூட்டருக்குள் எப்படி எழுதப்படுகிறது என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும்டா, நீ சேவ் பண்ணு" என்று பதில் வருகிறது. இந்த மனப்பான்மை மாற வேண்டும் என்பது என் கருத்து.

25 என்ற எண் மட்டும் இருந்தால் அது ஆரமா, விட்டமா? மில்லிமீட்டரா, அங்குலமா? எண்ணுக்கு அர்த்தம் கொடுக்க ஒரு மொழி வேண்டும். அதற்கென்றே உருவானது 'எக்ஸ்பிரஸ்'. 1994-இல் ஐ.எஸ்.ஓ. 10303 தரத்தின் 11-ஆம் பகுதியாக வெளிவந்தது. சி மொழி மாதிரி புரோகிராம் ஓட்ட இது உதவாது. தகவலில் என்னென்ன இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று சட்டம் போடுவதே இதன் வேலை. வட்டத்துக்கு ஆரம் உண்டு, அந்த ஆரம் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இதில் எழுதி வைக்கலாம்.

'ஸ்டெப்' ஃபைலாக சேவ் பண்ணுகிறோமே, அதற்குள் எது எப்படி இருக்க வேண்டும் என்ற விதி இந்த மொழியில்தான் இருக்கிறது. சிவில் நண்பர்களே, நீங்களும் தப்ப முடியாது! கட்டடங்களுக்கான ஐ.எஃப்.சி. தரமும் இதே மொழியில் எழுதப்பட்டதுதான்.

அலகில் குழப்பம் வந்தால் என்ன ஆகும்? 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' அழிந்தே போனது. ஒரு சாஃப்ட்வேர் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்த எண்ணை, இன்னொன்று நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம்!

"ஸ்டெப்ல போட்டா நாம வரைஞ்ச வரிசை போயிடுமே" என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம்தான். பொதுவாக உருவம் போய்ச் சேரும், அது உருவான வரிசை சேராது. ஆனால் லைசென்ஸ் தீர்ந்தால் திறக்க முடியாத ஃபைலைவிட, எந்தக் கம்பெனி சாஃப்ட்வேரிலும் திறக்கிற ஃபைல் மேல் அல்லவா?

நான் கேட்பது ஒரே ஒரு பிராக்டிகல் வகுப்பு. துளை போட்ட ஒரு பிளாக்கை ஸ்டெப்பில் சேவ் செய்து, நோட்பேடில் திறந்து பார்ப்போம். நான் பார்த்தேன். புள்ளி, கோடு, தளம் எல்லாம் வரிசை எண் போட்டு நிற்கின்றன. 'மில்லி', 'மீட்டர்' என்று அலகுகூட எழுதியிருக்கிறது. ஒன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை!

மவுஸ் பிடிக்க எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். ஃபைலைப் படிக்கவும் தெரிந்தவர்களாக டிப்ளமோ வாங்கிப் போவோம், தோழர்களே!