சிந்திகளும் தமிழர்களும்

மத்திய ரயில்வே பாதையில் சயானில் இறங்கினால் தாராவி. அதே பாதையில் கல்யாணைத் தாண்டிப் போனால் உல்லாஸ்நகர். இரண்டும் வெளியிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கிய ஊர்கள். ஒன்றில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள், மற்றதில் சிந்திகள். இரண்டு இடங்களிலும் சந்துக்குச் சந்து தொழில் நடக்கிறது. காலையில் மிஷின் ஓடத் தொடங்கினால் இரவுதான் நிற்கிறது. உழைப்பில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

ஆனாலும் இரண்டு சமூகங்களின் நிலைமை ஒன்றாக இல்லை. சிந்தி என்றால் கடை முதலாளி, கட்டட வியாபாரி, கல்லூரி நடத்துகிறவர் என்று மும்பை நினைக்கிறது. தமிழன் என்றால் ஒன்று ஆபீஸ் குமாஸ்தா, இல்லாவிட்டால் தாராவிக்காரன் என்று நினைக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

"அவர்களுக்கு வியாபாரம் பிறவிக் குணம், நமக்கு மாதச் சம்பளம் போதும்" என்று நம்மவர்களே சொல்லிக் கொள்வதுண்டு. இது சோம்பேறித்தனமான பதில். கடைக்காரன் பிள்ளை கடை வைப்பதற்கும், கூலிக்காரன் பிள்ளை கூலிக்குப் போவதற்கும் குணம் மட்டும் காரணமாகாது. எந்த நிலையில் வந்தார்கள், வந்த இடத்தில் அரசாங்கம் அவர்களை எப்படி ஏற்றுக் கொண்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

1947-ல் நாடு பிரிந்தது. பஞ்சாபும் வங்காளமும் பாதியாவது இந்தியாவுக்குக் கிடைத்தன. சிந்து மாகாணம் முழுவதும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 1948 ஜனவரி 6-ந் தேதி கராச்சியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, சிந்தி இந்துக்கள் கப்பல் கப்பலாகப் பம்பாய்க்கு வந்து இறங்கினார்கள். வீடு, கடை, நிலம் எல்லாம் அங்கே. கையில் இருந்தது துணி மூட்டைதான். கல்யாண் அருகே யுத்த காலத்தில் ராணுவத்துக்காகக் கட்டிய பாரக்குகள் காலியாகக் கிடந்தன. சுமார் ஒரு லட்சம் பேரை அங்கே கொண்டு போய்க் குடியமர்த்தினார்கள். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள். நடுவில் கோணித் திரைதான் சுவர். அந்த அகதி முகாம்தான் உல்லாஸ்நகர். ஐந்து காம்ப்களின் எண்கள் இன்றும் அங்கே விலாசமாக வழங்குகின்றன.

அந்த முகாமை நகரமாக்க 1949 ஆகஸ்ட் 8-ந் தேதி அடிக்கல் நாட்டியவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. தமிழர் ஒருவர் கையால் அடிக்கல் நாட்டப்பட்ட ஊர் அது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அடிக்கல்லோடு நிற்கவில்லை அரசாங்கம். தொழில் தொடங்கும் அகதிகளுக்குக் கடன் கொடுக்க 1948-ல் தனிச் சட்டம் வந்தது. மேற்குப் பாகிஸ்தானில் விட்டு வந்த சொத்துக்குக் கணக்குக் கேட்க 1950-ல் ஒரு சட்டம். அந்தக் கணக்கின்படி நஷ்ட ஈடு கொடுக்க 1954-ல் இன்னொரு சட்டம். இழந்த சொத்தின் முழு மதிப்பு கிடைக்கவில்லை. கிடைத்ததற்கும் ஆண்டுக் கணக்கில் அலைய வேண்டியிருந்தது. இருந்தாலும் குடியிருந்த பாரக்குகளும் மனைகளும் பலருக்குச் சொந்தமாயின. கையில் பத்திரம் வந்தது. பத்திரத்தைக் காட்டிக் கடன் வாங்கலாம், கடை போடலாம், பிள்ளைக்கு விட்டுப் போகலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் பம்பாய்க்கு வரத் தொடங்கியது 19-ம் நூற்றாண்டில். தோல் பதனிடும் தொழில் தெரிந்த தமிழ் முஸ்லிம்களும், நிலமில்லாத ஆதிதிராவிட மக்களும், பின்னர் நாடார்களும் தாராவியின் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி, மேடாக்கிக் குடியேறினார்கள். அங்குள்ள பெரிய மசூதி 1887-லும், பிள்ளையார் கோயில் 1913-லும் ஏற்பட்டவை என்று சொல்லப்படுகிறது. அதாவது, உல்லாஸ்நகர் என்ற பெயர் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே தாராவியில் தமிழன் விளக்கேற்றிவிட்டான்.

முன்னால் வந்தவனுக்கு என்ன கிடைத்தது? இவன் எல்லை தாண்டி வரவில்லை. சொந்த நாட்டுக்குள்ளேயே வந்தவன். அதனால் அகதி இல்லை. பஞ்சமும் வேலையின்மையும் துரத்தினால் அதற்கு நஷ்ட ஈட்டுச் சட்டம் கிடையாது. அவன் வசித்த நிலத்துக்கு அவனே ஆக்கிரமிப்பாளன் என்று எழுதிக் கொண்டார்கள். சேரி மாற்றுச் சட்டம் 1971-ல்தான் வந்தது. 1976-ல்தான் குடிசைகளை எண்ணிப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள்.

அதே 1976-ல் என்ன நடந்தது என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மான்கூர்டு அருகில் ஜனதா காலனியில், தமிழர்கள் பெருமளவில் உள்பட, சுமார் 70 ஆயிரம் பேர் வசித்தார்கள். அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று நெருக்கடி நிலைக் காலத்தில் காலனியைத் தரைமட்டமாக்கி, மக்களைச் சீத்தா கேம்ப்புக்கு மாற்றினார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் அந்த மக்களைத் திரட்டிப் போராடினார். பிற்காலத்தில், 2000-ல் மகசேசே விருது பெற்றவர் அவர்.

1981-ல் நடைபாதைவாசிகளை வெளியேற்றியபோது நடந்தது அதைவிடக் கொடுமை. சேலத்தில் மழை பொய்த்து வேலை போனதால் 1961-ல் பம்பாய்க்கு வந்த ஒரு கூலித் தொழிலாளி, ரசாயனக் கம்பெனி ஒன்றில் நாளுக்கு 23 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தார். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்காக அடாவடிக்காரன் ஒருவனுக்கு 2,500 ரூபாய் அழுதிருந்தார். அதைப் பிரித்துப் போட்டு, அவரையும் குடும்பத்தையும் சேலம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்து, மறுபடியும் நடைபாதையிலேயே தங்கினார். இது சுப்ரீம் கோர்ட்டின் 1985-ம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவான விஷயம். பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் நடைபாதையில் குடியிருக்க உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது.

ஒருவருக்கு அடிக்கல், மற்றவருக்குப் பஸ். வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

உல்லாஸ்நகரில் அனுமதியில்லாமல் எழும்பிய கட்டடங்கள் ஏராளம். அவற்றை இடிக்க ஐகோர்ட்டு உத்தரவிட்டபோது, மகாராஷ்டிர அரசு 2006-ல் அந்த ஒரே நகருக்காகத் தனிச் சட்டம் இயற்றி, அபராதம் வாங்கிக் கொண்டு வரன்முறைப்படுத்த வழி செய்தது. குடும்பங்கள் தெருவுக்கு வரக் கூடாது என்ற எண்ணம் நியாயமானதே. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்த நியாயம் குடிசைக்கும் உண்டா என்பதுதான் நம் கேள்வி.

சிந்திகளின் உயர்வு அரசாங்கம் கொடுத்த பிச்சை என்று யாராவது நினைத்தால், அது பெரும் அநியாயம். பாரக்கில் இருந்தபடியே பெண்கள் அப்பளம் இட்டார்கள். பட்டம் பெற்றவர்கள் ரயிலில் மிட்டாயும் சீப்பும் விற்றார்கள். கையேந்தவில்லை. குறைந்த லாபம், நிறைய விற்பனை என்று கடை நடத்திப் பழைய வியாபாரிகளை அசர வைத்தார்கள். அவர்களிடம் நம் கூலித் தொழிலாளியிடம் இல்லாத சிலவும் இருந்தன. படிப்பு இருந்தது; கணக்கு வழக்குத் தெரிந்தது; ஹாங்காங் வரையில் வியாபாரத் தொடர்பு இருந்தது. பணம் போனாலும் இவை போகவில்லை. நிலமில்லாமல், எழுத்தறிவில்லாமல் வந்தவனோடு இவர்களை ஒப்பிடும்போது இதையும் தராசில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சிந்திகளுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. சம்பாதித்த காசெல்லாம் இங்கேயே கடையாகவும், வீடாகவும், பள்ளியாகவும் மாறியது. கராச்சியிலிருந்து வந்த பேராசிரியர்கள் 1948-ல் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளில் ஜெய்ஹிந்த் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1954-ல் கே.சி. கல்லூரி வந்தது. இந்தியாவில் சொந்த மாநிலம் இல்லாமலேயே 1967-ல் தங்கள் மொழியை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் செய்தார்கள்.

நமக்கு ஊர் இருக்கிறது. அது பெரிய பாக்கியம். மாதம் பிறந்தால் மணியார்டர், கோடை வந்தால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட், கொடைக்கு வரி, தங்கை கல்யாணத்துக்கு நகை, கடைசியில் ஊரில் ஒரு காரை வீடு. பெற்றவர்களையும் உடன்பிறந்தவர்களையும் தாங்கிய அந்தப் பணத்தை வீண் என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிறோம். "என்றைக்கிருந்தாலும் ஊருக்குப் போகிறவர்கள்தானே" என்று சொல்லியே மூன்று தலைமுறை இங்கே கழிந்துவிட்டது.

நம்மிலும் எல்லோரும் ஒரே நிலையில் வரவில்லை. படித்துவிட்டு மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிப் பள்ளி நடத்தினார்கள். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடந்தே போகலாம். ஆனால் வாழ்க்கையில் அந்தத் தூரம் கடக்க முடியாததாக இருந்தது. அதற்குக் காரணம் சாதி என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அதேபோல் உல்லாஸ்நகரில் எல்லாச் சிந்திகளும் முதலாளிகள் அல்லர். பழைய பாரக்கிலேயே காலம் தள்ளும் ஏழைகளும் அங்கே உண்டு.

சாதியைப் பற்றிய இன்னொரு அநீதியையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் இங்கே வந்தால், மகாராஷ்டிர அரசின் வேலையிலும் கல்லூரியிலும் அவருக்கு இட ஒதுக்கீடு இல்லை. இரண்டு மாநிலப் பட்டியலிலும் அதே சாதிப் பெயர் இருந்தாலும் இல்லை. சுப்ரீம் கோர்ட்டு 1994-ல் மகாராஷ்டிர வழக்கிலேயே இப்படித் தீர்ப்பளித்தது. 2018-லும் இந்த நிலையை உறுதி செய்தது. ரயிலில் ஏறும்போது இருந்த இழிவு இறங்கும்போதும் கூடவே வருகிறது; சலுகை மட்டும் வழியில் இறங்கிவிடுகிறது. பாராளுமன்றம் நினைத்தால் இதற்கு வழி காணலாம். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்போது தாராவி மறுபடியும் சோதனைக்கு ஆளாகியிருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான டெண்டர் 2022-ல் அதானி நிறுவனத்துக்குப் போனது. 2024 மார்ச்சில் வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. அறிவித்த விதி இது: 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011-க்குள் வந்தவருக்கு இரண்டரை லட்ச ரூபாய் வாங்கிக் கொண்டு வேறிடத்தில் வீடு. மாடியில் இருப்பவருக்கும், 2011-க்குப் பின் வந்தவருக்கும் வேறிடத்தில் வாடகை வீடு. ஒரு மனிதனின் வாழ்வை ஒரு தேதி பிரிக்கிறது. இடம் மாறினால் வீடு மட்டுமா மாறும்? இட்லி வியாபாரமும், தோல் பை தைக்கும் வேலையும், பிள்ளையின் பள்ளியும் சேர்ந்தே போகும்.

அன்று அகதிகளின் விஷயத்தில், என்ன இழந்தீர்கள் என்று கேட்டு அதற்குக் கணக்கு எழுதியது அரசாங்கம். தாராவியிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு இடம் கொடுப்பதோடு தொழிலுக்கும் இடம் கொடுக்க வேண்டும். மாடியில் குடியிருந்தவர் என்பதற்காக ஊரை விட்டே அனுப்புவது நியாயமாகாது. ஒரு காகிதம் குறைந்தால் ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கரண்ட் பில் எதையாவது ஏற்றுக் கொண்டு தகுதி வழங்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பழைய போட்டோ பாஸ், வாக்காளர் பட்டியல் நகல், வரி ரசீது ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் ஒரு பையில் போட்டு வைக்கட்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினர், தந்தையின் சொந்த மாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டி இங்கேயே பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கேட்கலாம். ரயில்வே போன்ற மத்திய அரசு வேலைகளுக்கு அது செல்லும். இது தெரியாமல் வயது கடந்து போன இளைஞர்கள் எத்தனையோ பேர்.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் பாராட்டு விழாவும் நடத்துவது நல்லதுதான். அந்த மேடைச் செலவில் பாதியை ஒதுக்கி, வாரம் இரண்டு நாள் மனு எழுதிக் கொடுக்க ஆள் வைத்தால் இன்னும் நல்லது. படித்த குமாஸ்தாக்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் செலவிட்டால், பல குடும்பங்களின் விண்ணப்பம் தள்ளுபடியாகாமல் தப்பும். மாட்டுங்காவும் தாராவியும் சேர்ந்து உட்காராமல் தமிழர் ஒற்றுமை என்று பேசுவதில் பொருளில்லை.

சிந்திகளைப் பார்த்துப் பொறாமைப்படத் தேவையில்லை. வீடிழந்து வந்த மக்களுக்கு நாடு செய்ய வேண்டியதை, அரைகுறையாகவேனும் அவர்களுக்குச் செய்தது. கையில் பத்திரம் கிடைத்த மக்கள் இரண்டு தலைமுறையில் எப்படி எழுந்து நிற்பார்கள் என்பதற்கு உல்லாஸ்நகர் சாட்சி. நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரத்தின் தோலைப் பதனிட்ட மக்களுக்கும் அந்தப் பத்திரம் கிடைக்கட்டும். மற்றதை அவர்கள் உழைப்பு பார்த்துக் கொள்ளும்.