மறுபோட்டியில் யார் வெல்வார்?

2024 டிசெம்பரில் ரியாத் நகரில் ஒலெக்ஸாண்டர் உசிக்கும் டைசன் பியூரியும் இரண்டாவது தடவையாக மோதவிருந்த வேளையில், குத்துச்சண்டையில் தீராத ஈடுபாடு கொண்ட இளம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இந்த முறை யார்?" என்பதே அவருடைய கேள்வி. பியூரி ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ளவர். உசிக் அவரைவிட அரை அடி குறைந்தவர். அந்த ஆண்டு மே மாதத்தில் நடைபெற்ற முதற்போட்டியில் நடுவர் மூவருள் ஒருவர் பியூரியே வென்றதாகப் புள்ளியிட்டிருந்தார். எனினும் நான் தயங்காமல் உசிக் என்றேன். முதற்தடவையைவிடத் தெளிவாக வெல்வார் என்றும் சேர்த்துச் சொன்னேன். டிசெம்பர் 21 இல் மூன்று நடுவர்களும் 116-112 என ஒரே புள்ளியைக் கொடுத்தார்கள்.

மறுநாள் நண்பர் மீண்டும் அழைத்துப் பாராட்டினார். பின்னர், "மூன்றாவது போட்டி நடந்தால்?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. காரணத்தை அவரிடம் தொலைபேசியில் விளக்க இயலவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

அதிபார எடைப் பிரிவின் மறுபோட்டிகளை எதிர்வுகூறுவதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். முதற்போட்டியில் தோற்றவர் எதனால் தோற்றார்? திருத்தக்கூடிய தவறினாலா, அல்லது எதிராளியின் ஆட்டமுறைக்கு அவரிடம் மாற்று இல்லாததினாலா? முன்னையதாயின் தோற்றவர் பக்கம் நிற்கலாம். பின்னையதாயின் அவர் எவ்வளவு வீரம் பேசினாலும் நம்பக்கூடாது.

ஜோ லூயிஸ் 1936 இல் மக்ஸ் ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்தார். இடக்கையால் நேர்க்குத்து விட்டபின் அக்கையைத் தாழ்த்திவிடும் பழக்கம் லூயிஸிடம் இருப்பதைத் திரைப்படச் சுருள்களைப் பார்த்து ஷ்மெலிங் கண்டுபிடித்திருந்தார். திறந்து கிடந்த அந்தப் பக்கத்தால் அவருடைய வலக்கை நுழைந்தது. இது பயிற்சியாளர் திருத்திவிடக்கூடிய தவறு. 1938 ஜூன் 22 இல், அதே யாங்கி விளையாட்டரங்கில், 124 வினாடிகளில் கணக்குத் தீர்க்கப்பட்டது. லெனொக்ஸ் லூயிஸும் அவ்வாறே. 2001 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் உயர்நிலத்திற்குக் காலந்தாழ்த்திப் போய், போதிய ஆயத்தமின்றி நின்று, ஹஸிம் ரஹ்மானின் ஒரே குத்தில் சரிந்தவர், அவ்வாண்டு நவம்பரில் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு வந்து நான்காம் சுற்றில் முடித்துவைத்தார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சொனி லிஸ்டன் 1962 இல் புளொயிட் பற்றர்சனை முதற்சுற்றிலேயே வீழ்த்தினார். அடுத்த ஆண்டு மறுபோட்டி. அதுவும் முதற்சுற்றிலேயே முடிந்தது. நான்கு வினாடிகள் மட்டும் கூடுதலாக நீடித்தது. பற்றர்சன் திருத்திக்கொள்வதற்கு அங்கு எதுவும் இருக்கவில்லை. உசிக்கிடம் இருமுறை தோற்ற அந்தனி ஜோஷுவா, டானியல் டுபுவா ஆகியோரின் கதையும் ஏறத்தாழ இதுவே. பியூரி மறுபோட்டிக்கு முன்னையதைவிடக் கூடிய எடையுடன் வந்தபோது, சுழன்று கொண்டேயிருக்கும் ஒருவரைப் பிடிக்க அந்த எடை எவ்வாறு உதவும் என்று எனக்கு விளங்கவில்லை.

எடை பார்க்கும் தராசையும் நான் கவனிப்பதுண்டு. 2019 ஜூனில் ஜோஷுவாவைத் திகைக்கவைத்த அன்டி ரூயிஸ், டிசெம்பரில் மறுபோட்டிக்கு 283 இறாத்தலுடன் தராசில் ஏறினார். ஆறு மாதத்தில் 15 இறாத்தல் கூடியிருந்தது. வெற்றியைக் கொண்டாடி முடிக்காதவர் என்று தராசே சொல்லிவிட்டது. ஜோஷுவா பத்து இறாத்தல் குறைத்து வந்து, கிட்ட நெருங்காமல் பன்னிரண்டு சுற்றுகளையும் ஆடி வென்றார்.

இந்த அளவுகோலை நான் முதன்முதலாகப் பயன்படுத்தியது 1978 இல். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு பெப்ரவரி 15 இல் லாஸ் வேகாஸில் மொஹமட் அலி, லியோன் ஸ்பிங்ஸ் என்ற இருபத்துநான்கு வயது இளைஞரிடம் உலகப் பட்டத்தை இழந்தார். ஸ்பிங்ஸ் மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். ஆனால் தொழில்முறையில் அது அவருக்கு எட்டாவது போட்டி மட்டுமே. நம் நாட்டில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. ஆசிரியபீடத்து மூலையில் ஓயாது தட்டிக்கொண்டிருந்த தொலையச்சு இயந்திரம் அந்தச் செய்தியைக் கக்கியபோது, எழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தோம்.

செப்டெம்பரில் மறுபோட்டி என்று அறிவிக்கப்பட்டதும் எதிர்வுகூறல் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அலி என்றே எழுதினேன். நியாயங்கள் பலமாக இருந்தன. அதுவரை அலியை வென்றவர்கள் மூவர் மட்டுமே. அவர்களுள் ஜோ பிரேசியரையும் கென் நோர்ட்டனையும் மறுபோட்டியில் அலி வென்றிருந்தார். பெப்ரவரியில் அவர் தோற்றது தவறினால். பத்துச் சுற்றுகளுக்கு மேல் ஆடியே இராத இளைஞர் களைத்துவிடுவார் என்று கணக்கிட்டு, ஆரம்பச் சுற்றுகளைக் கயிற்றில் சாய்ந்தபடியே தாரைவார்த்தார். இளைஞர் களைக்கவில்லை. இது திருத்தக்கூடியது என்று எழுதினேன். ஸ்பிங்ஸின் நாட்கள் பயிற்சிக்கூடத்திற்கு வெளியிலேயே கழிகின்றன என்ற செய்திகளும் வந்துகொண்டிருந்தன.

செப்டெம்பர் 15 ஆந் திகதி நியூ ஓர்லியன்ஸ் சுப்பர்டோம் அரங்கில், 63,000 இற்கும் அதிகமானோர் முன்னிலையில், நான் எழுதியவாறே யாவும் நடந்தேறின. அலி கயிற்றின் பக்கமே போகவில்லை. இடக்கையால் குத்துவதும், ஸ்பிங்ஸ் நெருங்கினால் பின்கழுத்தில் கைபோட்டு அணைத்துக்கொள்வதுமாகப் பதினைந்து சுற்றுகளையும் கடத்தினார். பார்ப்பதற்கு அழகான ஆட்டமல்ல. ஸ்பிங்ஸின் மூலையில் ஆளுக்கொரு ஆலோசனை சொன்ன குழப்பத்தைச் சகிக்காமல் பயிற்சியாளர் ஜோர்ஜ் பென்டன் போட்டியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். நடுவர்களின் தீர்ப்பு ஏகமனதானது. உலக அதிபார எடைப் பட்டத்தை மூன்று தடவை வென்ற முதல் மனிதரானார் அலி. சனிக்கிழமை காலை எங்களுக்குச் செய்தி கிடைத்தது. அன்று முழுவதும் நான் அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. 1977 செப்டெம்பரில் ஏர்னி ஷேவர்ஸுடன் பதினைந்து சுற்றுகள் ஆடி அலி வென்றபின், அவருடைய வைத்தியர் பேர்டி பச்சேக்கோ அவரைவிட்டு விலகினார். அலியின் சிறுநீரகங்கள் பழுதுபடத் தொடங்கிவிட்டதைப் பரிசோதனை அறிக்கை காட்டியது. அதன் பின்னும் அவர் களத்தைவிட்டு இறங்க மறுத்தார் என்பதே காரணம். நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் போட்டிகளை ஒழுங்குசெய்த டெடி பிரென்னரும், தாம் அப்பதவியில் இருக்கும்வரை அலிக்கு அங்கு இனியொரு போட்டி இல்லை என்று பகிரங்கமாகவே அறிவித்திருந்தார். இவை கம்பிவழி வந்த செய்திகளே. என் மேசையில் கிடந்தன. யார் வெல்வார் என்ற கேள்விக்கு அவை தேவையற்றவையாகத் தோன்றின. உண்மையிலேயே அந்தக் கேள்விக்கு அவை தேவைப்படவும் இல்லை. என் விடை சரியாகத்தானே இருந்தது.

1979 இல் அலி ஓய்வை அறிவித்தார். 1980 ஒக்டோபர் 2 இல் லரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் வந்தார். ஹோம்ஸ் ஒருகாலத்தில் அலியுடன் பயிற்சிக்காகக் குத்தி ஆடியவர். அலிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. 1978 இல் சரியாகச் சொன்னவன் என்பதால் எதிர்வுகூறல் மறுபடியும் என்னிடமே வந்தது. நான் தராசைப் பார்த்தேன். 217½ இறாத்தல். 1974 இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் போர்மனை வீழ்த்தியபோது இருந்த எடையைவிட ஒரேயோர் இறாத்தல்தான் கூடுதல். தலைமயிரின் நரையும் மறைந்திருந்தது. ஸ்பிங்ஸிடம் தோற்ற பின் தன்னைத் திருத்திக்கொண்டதுபோல இப்போதும் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார் என்று எழுதினேன். தைரொயிட் மருந்தை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டதால் உருகிய உடல் அது என்பது பின்னர்தான் வெளியாயிற்று. அந்த மருந்து நாடியைத் துரிதப்படுத்தும். உடலின் நீரையும் பலத்தையும் உறிஞ்சிவிடும். நான் நற்சகுனம் என்று கொண்டது நோயின் அடையாளம்.

பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். அந்தப் பத்தில் ஒரு சுற்றையேனும் அலிக்கு எந்த நடுவரும் கொடுத்திருக்கவில்லை. தம் முன்னாள் எசமானரை மேலும் அடிக்க மனமின்றி ஹோம்ஸ் நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னர் அலியின் அறைக்குச் சென்று கண்ணீர் விட்டார்.

என் எதிர்வுகூறலையும் அதன் முடிவையும் ஈய எழுத்தில் கோத்தவர் ஒரே முதிய அச்சுக்கோப்பாளர். குத்துச்சண்டையில் அவருக்கு எந்த ஆர்வமும் கிடையாது. பக்கத்தைப் பூட்டிவிட்டுக் கையைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்னமும் நீர்தானே எழுதினது? அந்தாள் வெல்லுமெண்டு நீர் எழுத எழுத, அந்தாள் அங்க அடிவாங்கிக்கொண்டெல்லோ இருக்குது."

என் எழுத்தை வாசித்துவிட்டு அலி களத்தில் இறங்கவில்லை என்று அவருக்கு விடை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1978 இல் அலி தோற்றிருந்தால் 1980 நிகழ்ந்திராது என்று எனக்கு அப்போதே தோன்றியிருந்தது. பட்டத்துடன் போனவருக்குத்தான் திரும்பி வருவதற்குப் பெருந்தொகை தருவார்கள்.

அடுத்த ஆண்டு டிசெம்பரில், பஹாமாஸ் தீவில், ட்ரெவர் பேர்பிக்குடன் அலியின் இறுதிப் போட்டி நடைபெற்றது. எதிர்வுகூறல் கேட்டார்கள். வேறு வேலை இருப்பதாகச் சொல்லித் தவிர்த்துவிட்டேன். பத்துச் சுற்றுகளில் அலி தோற்ற செய்தி தொலையச்சில் வந்தபோது, அதைத் தமிழாக்கி, தலைப்பிட்டு, அதே அச்சுக்கோப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "எத்தின வரி?" என்று மட்டும் கேட்டார்.