பேக்கப் இருக்கு சார்... திரும்பி வருமா?



டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பலருக்குக் கிடைக்கப்போகும் முதல் வேலை 'சிஸ்டம் பாத்துக்கறவர்' வேலைதான். தி. நகர் ஜவுளிக்கடையோ, மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸோ, அடையாறு நர்சிங் ஹோமோ, எங்கே போனாலும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சர்வர் இருக்கும். அதன் தலைமேலேயே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும். அதுதான் பேக்கப்பாம்! சர்வர் முழுகினால் அதுவும் முழுகும், சர்வரைத் திருடினால் அதுவும் கூடவே போகும். இதைச் சொன்னால் முதலாளி சிரிப்பார். 'ரெய்ட் போட்டிருக்கோமே தம்பி' என்பார்.

இந்த ரெய்ட் பற்றி நாம் பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்குகிறோம். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று வேலையை நிறுத்தாமல் நடத்தும், அவ்வளவே அதன் சாமர்த்தியம். ஃபைலை யாராவது அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். பெரிய கம்பெனிகளில் சர்வருக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நடுவில் ஃபைபர் சேனல் போட்டு 'சான்' என்று தனி நெட்வொர்க்கே கட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் செலவு. அங்கேயும் இதே கதைதான். அதே பெட்டிக்குள் எடுத்த ஸ்னாப்ஷாட், பெட்டி எரிந்தால் கூடவே எரியும்.

நான் இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒரு கடையில் தினமும் ராத்திரி பேக்கப் ஓடும், காலையில் 'சக்சஸ்' என்று மெசேஜ் வரும். பொய்யில்லை, காப்பி உண்மையாகவே நடந்தது. ஆனால் பில்லிங் சாஃப்ட்வேரை எப்போதோ வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டார்கள். ராத்திரி ஓடிய வேலை பழைய ஃபோல்டரையே விசுவாசமாகக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தது. மாசக்கணக்கான கடன் கணக்கு வேண்டும் என்று திறந்து பார்த்த அன்றுதான் தெரிந்தது. திட்டு வாங்கினது சாஃப்ட்வேர் மாற்றினவர் இல்லை. சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்த நம்ம சீனியர் அண்ணன்தான்.

சின்னக் கடை என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற உலகம் அறிந்த நிறுவனத்தில் ஒரு எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் வழிகள் வைத்திருந்தும் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. எடுத்த காப்பியைத் திரும்பப் போட்டுப் பார்க்காதவரை அது காப்பியே இல்லை என்பது என் கட்சி.

சரி, காப்பியை எங்கே வைப்பது? 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்' என்பார்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்து, அடையாறு கரை தாண்டி, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் ஒரே ராத்திரியில் தண்ணீர். கோட்டூர்புரத்தில் சர்வர், சைதாப்பேட்டையில் காப்பி என்றால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது அதே ஆறு. பின்கோடு வேறாக இருந்தால் போதாது, வெள்ளமும் வேறாக இருக்கணும். நம் மாநில அரசின் தரவு மையம் பெருங்குடியில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். அதற்கான பேரிடர் மீட்பு மையத்தைத் திருச்சியில் வைத்தது சரியான புத்தி.

இன்னொன்றும் அந்த வெள்ளம் காட்டியது. 1878-ல் தொடங்கிய 'தி இந்து' முதல் தடவையாக 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. காப்பி பத்திரமாக இருந்தாலும், அதைத் திரும்பப் போடத் தெரிந்தவர் தாம்பரத்தில் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தால்? பாஸ்வேர்டும் செய்முறையும் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

'எல்லாம் க்ளவுட்ல போட்டுட்டா போச்சு' என்கிற நண்பர்களுக்கு: 2021 மார்ச் 10-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து சாம்பலானது. சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே இடத்தில் எரிந்தது. தென் கொரியாவில் 2025 செப்டம்பரில் டேஜான் அரசு மையம் எரிந்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வேறு காப்பியே இல்லை. கணக்கும் போட்டுப் பாருங்கள். 2 டெராபைட்டை 100 எம்.பி.பி.எஸ். லைனில் இறக்க, லைன் முழு வேகத்தில் ஓடினாலே 44 மணி நேரம். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் எந்த முதலாளி 44 மணி நேரம் காத்திருப்பார்?

நல்ல உதாரணமும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸை ரான்சம்வேர் தாக்கி ஐந்து சர்வர்களில் 1.3 டெராபைட்டைப் பூட்டியது. நாட்கணக்கில் காகிதத்தில் சீட்டு எழுதினார்கள். ஆனாலும் பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தகவலை மீட்டார்கள். அந்த வைரஸ் எட்டாத இடத்தில் ஒரு காப்பி இருந்ததுதான் விஷயம். பழசு என்று கேலி செய்கிறோமே, அந்த டேப்! டிரைவிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை எந்த வைரஸும் எட்டிப் பிடிக்காது. எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். டிரைவ் விலைதான் சின்னக் கடைக்கு மலைப்பு. அவர்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாற்றி மாற்றிக் கழற்றி வைத்தாலே பாதி தைரியம்.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். தாத்தா 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஊர்களிலிருந்து வந்த ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான். ஓர் ஊரில் செல்லரித்த வரி இன்னோர் ஊர் ஏட்டில் பிழைத்திருந்தது.

இன்டர்வியூவில் சம்பளம் கேட்பது மாதிரி இதையும் கேளுங்கள்: 'சார், எத்தனை மணி நேரத்து வேலை போனா தாங்குவீங்க? எத்தனை மணி நேரத்துல திரும்ப ஓடணும்? மாசத்துக்கு ஒரு நாள் ரீஸ்டோர் பண்ணிப் பார்க்க டைம் குடுப்பீங்களா?' பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பழி நம் தலையில் விழும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

யூனியன் தோழர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த வருஷம் நம் லேபில் ஒரு பிராக்டிகல் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்போம். ரெண்டு பழைய கம்ப்யூட்டர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின ரெண்டு டிஸ்க் போதும். மாணவன் பேக்கப் எடுத்து முடித்ததும் சார் வந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தால் பாஸ், இல்லாவிட்டால் அரியர்!