மெட்ரோவில் ஒரு மாணவர் பாஸ் கொடுத்தால் என்ன?

பையன் காலேஜில் சேர்ந்ததும் ஃபீஸை விட என்னை அதிகம் உறுத்தியது மெட்ரோ கணக்குதான். மயூர் விஹாரிலிருந்து நார்த் கேம்பஸ். 2025 ஆகஸ்டில் கட்டணம் ஏறியதிலிருந்து 12 முதல் 21 கிலோமீட்டர் வரை 43 ரூபாய். போக வர 86. மாசம் 22 நாள்னா 1,892. ஸ்மார்ட் கார்டு தள்ளுபடி பத்து சதவீதம் போனாலும் 1,700. ரெண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டை நினைச்சுப் பாருங்க.

பஸ் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. டிடிசி மாணவர் பாஸ் இதில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. ஆனா ஐடிஓ பக்கம் டிராஃபிக்கில் மாட்டினா முதல் கிளாஸ் போச்சு, அட்டெண்டன்ஸும் போச்சு. அதனால் எங்க வீட்டு ஏற்பாடு: காலையில் மெட்ரோ, சாயங்காலம் பஸ். எழுநூறு ரூபாய் மிச்சம். பையன் வீட்டுக்கு வரும்போது எட்டு மணி, சாப்பிட்டதும் புத்தகத்து மேலயே தூங்கிடறான். (அம்மாவின் முறைப்பு எனக்கு!)

மும்பை லோக்கலில் மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் பாதி விலை. நாக்பூர் மெட்ரோ கூட 2023ல் 30 சதவீதம் குறைத்தது. டெல்லி மெட்ரோவில் மத்திய அரசுக்கும் டெல்லி அரசுக்கும் சரிபாதி பங்கு. அங்கேதான் சிக்கலே. 2025 ஜனவரியில், தேர்தலுக்கு முன்னால், கேஜ்ரிவால் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்: மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம், செலவை ரெண்டு அரசும் பகிர்ந்துக்கலாம்னு. நல்ல யோசனைதான், ஆட்சியில் இருந்த வருஷங்களில் ஏன் நடக்கலைன்னு கேக்காதீங்க. ஆகஸ்டில் வந்தது கட்டண உயர்வு மட்டும்.

யார் பேர் வாங்கினாலும் சரி, பாஸ் வந்தால் போதும். அதுவரைக்கும் சாயங்காலம் பஸ்தான்.